மழைக்குப் பயப்படாத கமரா

கமரா வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி: "ஃபோனில இல்லாதது அதில என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். இன்றைய ஃபோன்கள் எடுக்கிற படத்தைப் பார்த்தால் எதற்குத் தனியாக ஒரு கமரா என்று யாருக்கும் தோன்றும். போதாததற்கு மகள் பிறந்த வருடம் வாங்கிய பெரிய கமரா ஒன்று, பையோடும் மூன்று லென்ஸோடும், பத்து வருடமாக அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் அவர் கேட்டார்.

நான் சொன்ன பதில் அவருக்கு விளங்கவில்லை. "ஃபோனில இருக்கிற ஒண்டு அதில இல்லை. அதுக்காகத்தான்" என்றேன். அந்தப் பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கமரா தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

2022 மே 21, சனிக்கிழமை. விக்டோரியா டே நீண்ட வார இறுதி. ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். மத்தியானம் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தோம். எல்லோருடைய ஃபோனும் ஒரே நேரத்தில் அலறின. என்ன ஏது என்று வாசித்து முடிப்பதற்குள் தென்மேற்கே வானம் கறுத்துவிட்டது. டெரேச்சோ என்ற அந்த நீண்ட புயல் வரிசை தென் ஒன்ராறியோவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அடித்துக்கொண்டு கியூபெக் வரைக்கும் போனது. எங்கள் தெருவில் அது சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் வேரோடு சாய்ந்து, அவர்களுடைய காரின் மேல் விழுந்ததை மகள் யன்னலால் பார்த்துவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு காற்று அடித்தால் அவளுக்கு வயிறு நோகும். முகில் கறுத்தால் பள்ளிக்கூடம் போகமாட்டாள். ஃபோனிலும் ஐபேட்டிலும் ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை பார்ப்பாள். "ஒண்டும் நடக்காது" என்று நான் சொல்வேன். அவள் நம்பமாட்டாள். ஏன் நம்பவேண்டும்? ஒருநாள் நடந்ததுதானே.

அடுத்த வருடம் ஆடி மாதம் ஒரு பின்னேரம் நல்ல இடி. நான் வேலையால் வந்து பார்க்கிறேன், மகள் கீழ் அறையில் மேசைக்கு அடியில் இருக்கிறாள். பக்கத்தில் நிலத்தில் கால் நீட்டிக்கொண்டு என் அப்பா. முழங்கால் நோவோடு அவர் எப்படி நிலத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அப்பா அவளுக்கு 78ஆம் ஆண்டுச் சூறாவளியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது அப்பாவுக்கு 19 வயது. அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. ஊர் என்றால் வாவி, பாலம், கோயில் திருவிழா, பிறகு 85இல் வெளிக்கிட்டது. நடுவில் ஒரு சூறாவளி இருந்தது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூரை போனதையும், பள்ளிக்கூடத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றதையும், விடிந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்காததையும் அன்றைக்குத்தான் நானும் முதல் தடவையாகக் கேட்டேன், படிக்கட்டில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி.

பயந்த பிள்ளைக்கு இதையா சொல்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மகள் கேட்டாள்: "அப்ப அம்மப்பாக்கும் பயமா?"

"பின்ன? இப்பவும் பயம்தான், குஞ்சு. ஒண்டும் நடக்காது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு பாக்கத் தெரிஞ்சா, பயம் கொஞ்சம் சின்னனாகும்."

இடி ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் மேலே வந்தார்கள். அப்பா யன்னலைக் காட்டி, "இது மேற்காலை போகுது பார். எங்கட ஊரில மேற்குக் காத்துக்குக் கச்சான் எண்டு பேர். வடக்கால வந்தா வாடை. கிழக்கால வந்தா கொண்டல். தென்மேற்கால வாறது சோழகம்" என்றார். மகள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு வரி எழுதவைக்க நான் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது. முகில் கறுத்தால் யன்னலடியில் நிற்பது, காற்றின் பெயர் சொல்வது, படம் எடுப்பது, கொப்பியில் திகதியும் நேரமும் எழுதுவது. நூலகத்திலிருந்து முகில்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். 1802இல் லண்டனில் லூக் ஹவார்ட் என்ற மருந்து வியாபாரி கொடுத்த லத்தீன் பெயர்களைத்தான் இன்றைக்கும் உலகம் பாவிக்கிறது என்று அதில் அறிந்துகொண்டோம். சிரஸ், கியூமுலஸ், ஸ்ட்ராட்டஸ். அவள் அந்தப் பெயர்களை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க, அப்பா காற்றின் பெயர்களை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தமிழும் ஆங்கிலமுமாக ஏதோ ஒரு பாஷையில் இரண்டு பேரும் மணித்தியாலக் கணக்கில் கதைத்தார்கள்.

படம் எடுத்தது என் பழைய ஃபோனில். அங்கேதான் சிக்கல்.

ஃபோனைக் கையில் கொடுத்தால் ஒரு படம் எடுப்பாள். அடுத்த நிமிடம் விரல் தானாக ரேடாருக்குப் போகும். பிறகு எச்சரிக்கைச் செய்தி. பிறகு எங்கேயோ ஓக்லஹோமாவில் வீடு பறக்கிற வீடியோ. கண்முன்னால் இருக்கிற முகில் மறந்துபோய், வரப்போகிற முகில் மட்டும்தான் மிஞ்சும். முகம் மாறிவிடும். எனக்கு வேண்டியிருந்தது படம் எடுக்க மட்டும் தெரிந்த ஒரு பொருள். கணவருக்கு நான் சொன்ன பதிலின் அர்த்தம் இதுதான்.

சரி, எந்தக் கமரா? பாவிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு 11 வயது, சின்னக் கை. மற்றவருக்கு 66 வயது, முப்பது வருடம் தொழிற்சாலையில் வேலை செய்து மடங்க மறுக்கிற விரல்கள், ஒரு கண்ணில் கற்றரக்ட் சத்திரசிகிச்சை. இரண்டு பேருக்கும் இலகுவாக இருக்கவேண்டும். மழையிலும் பனியிலும் வெளியே போகவேண்டும். லென்ஸோடு சேர்த்து 1500 டொலருக்குள் முடியவேண்டும்.

அலமாரியில் கிடந்த பழைய கமராவை முதலில் எடுத்துப் பார்த்தேன். அது கண்ணாடி உள்ள பழைய வகை. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை உள்ளே ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிட, அதை நாங்கள் துவாரத்தால் பார்ப்போம். படம் எப்படி வரும் என்று எடுத்த பிறகுதான் தெரியும். முகில் வெளுத்துப்போய்விட்டதா, நிலம் கறுத்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் திரையில் பார்த்துத் திருத்தவேண்டும். 'மிரர்லெஸ்' என்பதில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சருக்கு என்ன தெரிகிறதோ, அதையே கண் வைக்கிற இடத்தில் உள்ள குட்டித் திரை காட்டும். எடுக்கப்போகிற படத்தை எடுக்க முதலே பார்க்கலாம். வானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை, ஏனென்றால் வானத்துக்கும் நிலத்துக்கும் வெளிச்சம் ஒருபோதும் ஒத்துப்போகாது.

'இலகுவான கமரா' என்று தேடினால் எல்லோரும் முதலில் சொல்வது தொடக்கநிலை மாடல்களைத்தான். கனன் ஆர்50ஐக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 375 கிராம். திரையில் ஒவ்வொரு தெரிவும் என்ன செய்யும் என்று விளக்கமும் வரும். மகளுக்கு உடனே பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், பிறந்தநாள், பயணம், வீட்டுப் படம் என்று தேடுபவர்களுக்கு அது நல்ல தெரிவு. ஆனால் மழைத்துளி உள்ளே போகாமல் தடுக்கிற அடைப்புகள் அதில் இல்லை. கை நடுக்கத்தைச் சமாளிக்க உடலுக்குள்ளேயே சென்சரை அசைத்துக்கொடுக்கிற வசதியும் இல்லை. அந்த இரண்டும்தான் எங்களுக்கு முக்கியம்.

அடுத்தது ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5. 40 மெகாபிக்சல், மழைக்கு அடைப்பு, நடுக்கம் தடுக்கும் வசதி, மேலே பழைய காலத்துக் கமரா மாதிரி எண்கள் பொறித்த சக்கரங்கள். அப்பா அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தெரிஞ்ச கமரா" என்றார். விலையைப் பார்த்து நான் மெல்லத் திருப்பி வைத்தேன். சோனி ஏ6700ம் நல்ல கமராதான், நடுக்கம் தடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதோடு வழமையாக வருகிற 16-50 லென்ஸுக்கு மழைத் தடுப்பு இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கமராவுக்கு மட்டும் மழைக்கோட்டுப் போட்டு லென்ஸை நனையவிட்டால் பிரயோசனம் இல்லை. இரண்டுக்கும் இருக்கவேண்டும். லென்ஸைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எங்கள் வரவுசெலவைத் தாண்டிப்போனது.

கடைசியில் நாங்கள் எடுத்தது ஓ.எம். சிஸ்டம் ஓஎம்-5. ஒலிம்பஸ் என்ற பழைய பெயர்தான், 2021இலிருந்து கமராப் பகுதி தனி நிறுவனமாக இயங்குகிறது. ஓஎம்-5 வெளிவந்தது 2022இல். 2025இல் அதன் இரண்டாவது பதிப்பு வந்துவிட்டதால், ஒருவர் கொஞ்சக் காலம் பாவித்த முதல் பதிப்பை 12-45 லென்ஸோடு சேர்த்து வாங்க முடிந்தது. பற்றரியோடு உடல் 414 கிராம், லென்ஸ் 254 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ சீனிப் பையில் மூன்றில் இரண்டு பங்கு. தூசிக்கும் மழைத் தெறிப்புக்கும் ஐபி53 என்ற தரச்சான்று இருக்கிறது. அதற்காகத் தண்ணீருக்குள் போடலாம் என்று அர்த்தமில்லை. மழையில் குடையில்லாமல் நிற்கலாம் என்று அர்த்தம்.

குறை இல்லாமல் இல்லை. இதன் சென்சர் 17.3க்கு 13 மில்லிமீற்றர். 36க்கு 24 மில்லிமீற்றர் உள்ள 'ஃபுல் ஃப்ரேம்' சென்சரோடு பார்த்தால் பரப்பளவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இருட்டில் எடுத்தால் படத்தில் மணல் தூவின மாதிரிப் புள்ளிகள் கெதியாக வரும். ஆனால் நாங்கள் இருட்டில் ஓடித்திரியும் மனிதர்களை எடுக்கப்போவதில்லை. முகிலும் ஏரியும் அசையாமல் நிற்கும் அல்லது மெதுவாக அசையும். கை நடுக்கத்தைக் கமரா பார்த்துக்கொள்வதால், அகலக் கோணத்தில் அரை விநாடிகூடக் கையில் பிடித்தபடி எடுக்கலாம். அப்பாவின் கைக்கு அது போதும்.

பெரிய குறை அதன் மெனு. திறந்தால் காட்டுக்குள் போன மாதிரி. முதல் வாரம் நானே தொலைந்துபோனேன். பிறகுதான் ஒரு வழி விளங்கியது: ஒருதடவை உட்கார்ந்து எல்லாவற்றையும் எங்களுக்கு ஏற்றமாதிரி அமைத்து, மேலே உள்ள சக்கரத்தில் 'சி' என்ற இடத்தில் சேமித்துவிட்டேன். அதன் பிறகு யாரும் மெனுவைத் திறப்பதில்லை. யார் எதைத் தட்டினாலும், திரும்பவும் 'சி'க்குக் கொண்டுவந்தால் எல்லாம் பழையபடி. ஒரு கமரா இலகுவா இல்லையா என்பது அதில் எத்தனை வசதி என்பதில் இல்லை. தேவையில்லாத வசதிகளை ஒளித்துவைக்க முடியுமா என்பதில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

நான் அமைத்தவை இவைதான். துவாரம் 5.6. இந்தச் சென்சரில் நிலக்காட்சிக்கு அது போதும், கிட்ட உள்ள புல்லும் தூர உள்ள மரமும் தெளிவாக வரும். ஐஎஸ்ஓவை 1600க்கு மேல் போகாமல் கமராவே தீர்மானிக்கும். முன்சக்கரத்தைச் சுழற்றினால் படத்தின் வெளிச்சம் கூடும், குறையும். அளவுக்கு மீறி வெளுத்துப்போன இடங்கள் சிவப்பாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன். மகளுக்குச் சொன்னது ஒரே ஒரு விதி: "முகிலில சிவப்பு வந்தா, சிவப்பு போகும்வரைக்கும் குறை." நிலம் கொஞ்சம் கறுப்பாக வந்தாலும் பரவாயில்லை, பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம். வெளுத்துப்போன முகிலை யாராலும் திருப்பிக் கொண்டுவரமுடியாது.

அப்பாவுக்குச் செய்துகொடுத்தது அதைவிடச் சின்ன விஷயம். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் மூக்குக்கண்ணாடி இல்லாமலே உள்ளே எழுத்துத் தெளிவாகத் தெரியும். பழைய கமராவிலும் அது இருந்தது. அப்பாவுக்குக் கமரா சரிவராது என்று இவ்வளவு நாளும் நாங்கள் நினைத்திருந்ததற்குக் காரணம், யாரும் அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்காததுதான்.

லென்ஸ் ஒன்றே ஒன்றுதான். வேண்டுமென்றே. கண்ணாடி இல்லாத கமராவில் லென்ஸைக் கழற்றினால் சென்சர் அப்படியே வெளியே தெரியும், தூசி படியும். வீட்டுப் படத்தில் அந்தத் தூசி தெரியாது. வெறும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். மாற்றுவதற்கு லென்ஸ் இல்லையென்றால் அந்தத் தொல்லையும் இல்லை, எதைப் போடுவது என்ற யோசனையும் இல்லை. ஒரு லென்ஸில் எல்லாம் அடங்காது என்பதும் உண்மை. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது வருகிற முழு வானவில், நுனிக்கு நுனி 84 பாகை அகலம். எங்கள் லென்ஸின் ஆக அகலமான 12 மில்லிமீற்றரில் அது முழுதாக விழாது. மகள் இரண்டு படமாக எடுத்து, அச்சடித்து, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். நடுவில் ஒரு விரல் இடைவெளி.

முதல் குளிர்காலம் நிறையப் படிப்பித்தது. ஸ்கார்பரோ பிளஃப்ஸ் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் ஓட்டம். பிரிம்லி வீதியால் கீழே இறங்கினால் ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் உயர்ந்த மண்மலைச் சுவர், சில இடங்களில் 90 மீற்றர் வரை. கடுங்குளிர்க் காலையில், ஏரித் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், தண்ணீருக்கு மேல் ஆவி எழும்பி நிற்கும். அப்பா பார்த்துவிட்டு, "ஏரி கொதிக்குது" என்றார். அதே ஏரி தரும் ஈரத்தைக் குளிர்காற்று அள்ளிக்கொண்டுபோய்த்தான் காற்று போகிற பக்கத்து ஊர்களில் பனியாகக் கொட்டுகிறது. மகளுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. பனி எங்கிருந்தோ சும்மா வருவதில்லை, கண்முன்னாலேயே கிளம்பிப் போகிறது.

அங்கே நாங்கள் விட்ட பிழைகள்: பனியைக் கமராவிடமே விட்டால் சாம்பல் நிறமாக எடுத்துத் தரும். எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் பழக்கம். பனி வெள்ளையாக வர, முன்சக்கரத்தில் ஒரு படி கூட்டவேண்டும். பற்றரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். இன்னொன்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். வீட்டுக்கு வந்ததும் கமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் வேர்க்கும். வெளியில் நிற்கும்போதே ஒரு சிப் பையில் போட்டு மூடி, வீட்டில் ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டுவிட்டால் ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். முகிலின் நடுவில் குவியம் பிடிக்கப் பார்த்தால் கமரா தடுமாறும், பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. முகிலின் விளிம்பையோ அடிவானத்து மரத்தையோ காட்டவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், பெற்றோர் வாசிக்கிற இடம் இது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுவது எங்கள் வீட்டில் இப்போது விளையாட்டு. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். ஆனால் விதி விளையாட்டு இல்லை: இடி கேட்டால் உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் வெளியே. மழைக்குத் தாங்குகிற கமரா மின்னலுக்குத் தாங்காது, அதைப் பிடித்திருப்பவரும் தாங்கமாட்டார். இடிநேரப் படம் எல்லாம் வீட்டு யன்னலால் அல்லது கூரையுள்ள காருக்குள் இருந்து. அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினமாதிரிப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது. கடும்புயல் காற்று எச்சரிக்கை வந்தால் யன்னலும் கிடையாது. கமராவை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் கீழ் அறைக்கு. பிளஃப்ஸ் மேலே போனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூட இல்லை. அந்த மண் இடிந்துகொண்டே இருக்கிறது.

இந்த வருடம் ஆனி மாதம் ஒரு பின்னேரம். வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தியிருந்தோம், இறங்கவில்லை. மேற்கே, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அலை ஒன்று உருண்டு வருகிற மாதிரி முகில். மேலே சாம்பல், கீழே பச்சை கலந்த கறுப்பு. 'ஷெல்ஃப் கிளவுட்' என்று புத்தகத்தில் பார்த்த அதே முகில். 2022இல் அந்த மத்தியானம் வந்ததும் இப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு நாங்கள் யாரும் மேலே பார்க்கவில்லை, ஃபோனைத்தான் பார்த்தோம்.

மகள் பின் ஆசனத்தில். வயிற்றில் கை வைத்திருந்தாள், கண்ணாடியில் பார்த்தேன். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்த அப்பா திரும்பாமலே கேட்டார்: "குஞ்சு, காத்து எந்தப் பக்கம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கச்சான்... இல்லை, சோழகம். அம்மா, டோன்ட் மூவ் த கார்" என்றாள். கமராவை எடுத்தாள். சக்கரம் திரும்புகிற கிளிக் கிளிக் சத்தம் கேட்டது. சிவப்புக் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழெட்டுப் படம் எடுத்திருப்பாள். முதல் துளி கண்ணாடியில் விழுந்ததும், "இப்ப உள்ளுக்குப் போவம்" என்று அவளே சொன்னாள். மூன்று பேரும் ஓடினோம். அப்பா ஓடியதை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை.

உள்ளே வந்ததும் அவள் கீழ் அறைக்குத்தான் போனாள். ஆனால் மேசைக்கு அடியில் போகவில்லை, மேசையில் உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். இப்போதும் பெருங்காற்று அடித்தால் இரவில் எங்கள் அறைக்கு வருவாள். ரேடார் பார்ப்பதும் முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. வந்தால் இப்போதெல்லாம் ஏதாவது சொல்கிறாள்: காற்று மாறிவிட்டது, இடி தூரத்தில், பத்து எண்ணினேன் என்று. முன்பு அழுகை மட்டும்தான்.

அந்தப் படங்கள் அவ்வளவு திறமில்லை. அடிவானம் சரிந்திருக்கிறது, மூலையில் காரின் யன்னல் விளிம்பு தெரிகிறது. நான் கணினியில் நேராக்கப் போனேன், அப்பா விடவில்லை. "அப்பிடியே இருக்கட்டும் பிள்ளை. 78இல எங்களிட்ட ஒரு படமும் இல்லை. நாங்கள் சொன்னாலும் இஞ்ச பிறந்த நீங்கள் ஒருத்தரும் நம்பமாட்டீங்கள் எண்டுதான் நான் சொல்லேல்லை" என்றார். எனக்கு 37 வயது. அவர் ஏன் சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

படத்தை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அவருடைய அறையில், அம்மாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். பின்பக்கத்தில் மகள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: திகதி, நேரம், முகிலின் பெயர் ஆங்கிலத்தில், காற்றின் பெயர் தமிழில். 'சோழகம்' என்பதில் சிறப்பு ழகரம் சரியாக விழுந்திருக்கிறது.

கணவர் இப்போது கேட்பதில்லை. போன கிழமை அவரே ஒரு மேலதிக பற்றரி வாங்கிக்கொண்டு வந்தார்.